கூரையில் குத்தி நின்ற ஸ்பிரிங்

அத்தியாயம் 3

"எனக்கு நேரமில்லை," என்றார் பழைய கார் சங்கத் தலைவர், கதவைப் பாதி மட்டும் திறந்து. "உங்க கட்சிக்காரி பண்ணின வேலையால என் மாப்பிள்ளை தாடையில கம்பி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நாலு மணிக்கு எனக்கு விழா. நீங்க கிளம்பலாம்."

அண்ணி கிளம்பவில்லை. கைப்பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். ஊருக்கே அவள் அண்ணிதான். கணவனின் தம்பி அவளுடைய துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, எட்டு வருடமாகப் போகிற இடமெல்லாம் அப்படிக் கூப்பிட்டதில், இன்ஸ்பெக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் மட்டுமல்ல, அவளால் பிடிபட்டு உள்ளே போனவர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

அந்தக் கொழுந்தன் இப்போது அவள் பின்னால் நின்று நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

"பரவாயில்ல அண்ணி, வாங்க போகலாம். இவ்வளவு தூரம் வந்து அந்தக் காரைப் பார்க்க முடியலையேன்னுதான் வருத்தம். இதைவிடப் பளபளப்பா ஊர்ல இன்னொருத்தர்கிட்ட ஒண்ணு இருக்காம். நான் நம்பவே இல்ல."

பாதிக் கதவு முழுக்கதவானது.

"யார் சொன்னது?" என்றார் தலைவர். "வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

கார் கொட்டகை வீட்டின் பின்புறம் இருந்தது. அங்கே போகிற வழியில் அண்ணி விஷயத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். காலையில் ஒன்பது மணிக்குத் தலைவரின் மெக்கானிக் அவள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். நாற்பது வயதுப் பெண். இரண்டு வருடமாக இந்தக் கொட்டகையில் தலைவரின் எழுபது வயதுக் காரைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவள். வெள்ளிக்கிழமை மாலை அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வெளியூர் போனாள். திங்கட்கிழமை திரும்பி வந்தால் அவளுடைய ஒர்க்ஷாப்புக்கு போலீஸ் சீல். முன்சக்கர ஸ்பிரிங்கை அரைகுறையாக அமுக்கிக் கட்டிவிட்டு அப்படியே போய்விட்டாளாம். சனிக்கிழமை அது அவிழ்ந்து தலைவரின் மாப்பிள்ளை தாடையை உடைத்துவிட்டதாம். இன்று விழா முடிந்ததும் சங்கம் அவளை ஒதுக்கிவைக்கும். நாளை காலை இன்ஸ்பெக்டர் வழக்குப் போடுவார். ஸ்பிரிங் இன்னும் இரண்டு விரல் மேலே போயிருந்தால் அது கொலை வழக்காக இருந்திருக்கும்.

"நான் ஒரு ஸ்பிரிங்கையும் அப்படி விட்டுட்டுப் போனதில்ல அண்ணி," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அழவில்லை. கைகளைத்தான் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

தலைவர் கொட்டகையின் விளக்கைப் போட்டார். கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

மூட வேண்டியிருந்தது. காரின் பம்பர், விளக்கு வளையம், கைப்பிடி எல்லாம் குரோம் முலாம். அதோடு நின்றிருந்தால் சரி. எண்ணெய்க் குப்பிக்கு முலாம். குப்பை அள்ளும் தகட்டுக்கு முலாம். சுவரில் மாட்டியிருந்த சுத்தியலுக்கு, கைப்பிடி உட்பட, முலாம்.

"அண்ணி," என்று கிசுகிசுத்தான் கொழுந்தன், "இங்க ரெண்டு நாள் அசையாம நின்னா நமக்கும் போட்டுருவாங்க."

"எல்லாம் என் கையால," என்றார் தலைவர். "ஒவ்வொரு மரையும் ஒவ்வொரு நட்டும். இன்னிக்கு வாங்கப்போற கோப்பையே 'சொந்தக் கையால் புதுப்பித்தவர்' கோப்பைதான். விதியிலேயே இருக்கு. வேற யார் கையும் படக்கூடாது."

"அப்ப மெக்கானிக்?"

"அவ ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பா."

அண்ணி மேலே பார்த்தாள். கூரைப் பலகையில், காரின் முன்பக்க இடது மூலைக்கு நேர் மேலே, குண்டான ஒரு சுருள் ஸ்பிரிங் தலைகீழாகக் குத்தி நின்றது. இழுத்துப் பார்த்தும் வராததால் போலீஸ் அதை அங்கேயே விட்டுவிட்டுச் சுற்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டிருந்தது. காரின் முன்பக்கம் ஜாக்கி ஸ்டாண்டில் நின்றது. இடது சக்கரம் இல்லை. தரையில் இரண்டு கொக்கிக் கருவிகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளத் தண்டு, இரண்டு முனையிலும் கொக்கி. ஸ்பிரிங்கின் இரண்டு பக்கத்திலும் மாட்டி, நட்டைத் திருப்பி அமுக்கும் வகை.

"இதைத்தான் மாட்டிட்டுப் போயிட்டா," என்றார் தலைவர். "மாப்பிள்ளை காரைத் துடைக்க வந்தார். கொக்கி வழுக்கிடுச்சு."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"வீட்டுக்குள்ள தூங்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்தேன். ஸ்டேஷன்லயும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

அண்ணி குனிந்து ஒரு கருவியை எடுத்தாள். தண்டை விரலால் தடவி, விரலைப் பார்த்தாள். பிறகு அதைக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

"தம்பி, இதைப் பார்த்தா உனக்கு என்ன ஞாபகம் வருது?"

"நான் காலேஜ் படிச்சப்ப வச்சிருந்த பாடப் புத்தகம், அண்ணி. வாங்கினதோட சரி."

தலைவர் முறைத்தார். அண்ணி மூலையில் இருந்த மெக்கானிக்கின் மரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே கிரீஸ் படிந்த ஸ்பேனர்கள் ஒவ்வொன்றும் அதனதன் குழியில் படுத்திருந்தன. நீளமான ஒரு குழி மட்டும் காலி. அவள் மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

"கார் ரொம்ப அழகு," என்றாள். "நாலு மணிக்குப் பார்க்கலாம்."

வெளியே, தெருமுனையில் நின்ற அண்ணியின் சின்னக் காருக்குள் மெக்கானிக் காத்திருந்தாள்.

"கொக்கிக் கருவி உன்னோடதா?" என்று கேட்டபடியே அண்ணி ஏறி உட்கார்ந்தாள்.

"சத்தியமா இல்ல. அந்த வகை சில புதுக் காருக்கு ஆகும். இந்தக் கார்ல ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கற கீழ்க் கைக்கும் காரோட இரும்புச் சட்டத்துக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கும். என் விரலே நுழையாது. ரெண்டு பக்கமும் கொக்கியைக் கொண்டுபோய் எங்க மாட்ட?"

"இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். 'நீதானே மெக்கானிக், எப்படியாவது நுழைச்சிருப்பே'ன்னார்."

கொழுந்தன் பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினான். "நானும் பார்த்தேன். அந்தத் தண்டுல அடிச்ச பெயிண்ட் மரையோட பள்ளத்துல அப்படியே காயாத மாதிரி உட்கார்ந்திருக்கு. நட் ஒரு சுத்து திரும்பியிருந்தாலும் உரிஞ்சிருக்கும். கடையில இருந்து வந்து தரையில படுத்ததுதான் அது செஞ்ச ஒரே வேலை."

"சரியாப் பார்த்திருக்கே," என்றாள் அண்ணி.

"எனக்கே பயமா இருக்கு அண்ணி."

"பெட்டியில ஒரு குழி காலியா இருக்கே. அதுல என்ன இருந்தது?"

மெக்கானிக் நிமிர்ந்தாள். "என் அமுக்கி! முழங்கை நீளத் தண்டு, கெட்டி எஃகு. கீழ ஒரு வட்டத் தகடு, மேல ஒரு தகடு. ஸ்பிரிங்குக்கு உள்ளேயே நடுவுல விட்டு, கீழ இருந்து நட்டைத் திருப்பணும். ஸ்பிரிங் நேரா அமுங்கும், எந்தப் பக்கமும் சாயாது. அதுக்கு மேல ஒரு சங்கிலியையும் கட்டுவேன். தப்பித் தவறி எதாவது விட்டுப்போனாலும் சங்கிலி பிடிச்சுக்கும். அமுங்கின ஸ்பிரிங்குக்குள்ள ஒரு டன் பாரம் கோபத்தோட உட்கார்ந்திருக்கும் அண்ணி."

"எங்க அண்ணனை ஜவுளிக்கடைக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி," என்றான் கொழுந்தன்.

"அமுக்கி என்ன நிறம்?" என்று கேட்டாள் அண்ணி, அவனைக் கவனிக்காமல்.

"நிறமா? கன்னங்கரேல்னு. பன்னெண்டு வருஷத்து கிரீஸ்."

அண்ணி சாவியைத் திருகினாள். வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது.

"சுத்தியலுக்கே முலாம் போடற மனுஷன்," என்றாள். "அவர் கொட்டகையில கன்னங்கரேல்னு ஒண்ணு ரெண்டு வருஷம் இருந்திருக்கு. விழாவுக்கு முன்னாடி அதை அவர் என்ன பண்ணியிருப்பார்?"

மெக்கானிக்கின் வாய் திறந்தபடி நின்றது. "ஐயோ," என்றாள், மிக மெதுவாக.

முலாம் பட்டறை ஊரின் கடைசித் தெருவில் இருந்தது. தொட்டிகளிலிருந்து எழுந்த புளித்த ஆவியில் கொழுந்தன் மூன்று முறை தும்மினான். முலாம்காரர் ரப்பர் கையுறையோடு ஒரு பம்பரைத் தொட்டியிலிருந்து தூக்கிக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பழைய கார் சங்கம் என்றதும் அவர் முகம் கோணியது.

"அந்தத் தலைவரா? போன மாசம் ஒரு பல்லி பொம்மை கொண்டுவந்தார். அதுக்கு முந்தி கதவுத் தாழ்ப்பாள். அவரே ஒருநாள் தொட்டியில இறங்கிடுவாரோன்னு எனக்குப் பயம்."

"சனிக்கிழமை என்ன வந்தது?" என்றாள் அண்ணி.

"ஒரு மரைத்தண்டு, ரெண்டு வட்டத் தகடு. அவரோட மாப்பிள்ளை கொண்டுவந்தார், காலையிலேயே. நல்ல மனுஷன். அப்ப வாய் பேசிட்டிருந்தார் பாவம்." அவர் பம்பரைக் கீழே வைத்தார். "மதியமே வேணும்னார். போட்டேன். ஆனா நாலு மணி நேரம் அடுப்புல வாட்டித்தான் தருவேன்னேன்."

"எதுக்கு வாட்டணும்?"

"கெட்டி எஃகும்மா. அதைத் தொட்டியில இறக்கினா உள்ள வாயு புகுந்துக்கும். வாட்டி வெளியேத்தணும். இல்லைன்னா பார்க்க எஃகு மாதிரியே இருக்கும், பாரம் ஏறினா சாக்பீஸ் மாதிரி ஒடியும். பம்பருக்கு இது வேண்டியதில்ல, பாரம் தூக்கற சாமானுக்கு வேணும்."

மெக்கானிக் அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாப்பிள்ளை என்ன சொன்னார்?"

"மாமனாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சார். அந்தப் பக்கம் ஒரே சத்தம். 'வாட்டவும் வேணாம், வதக்கவும் வேணாம்! போட்டோக்காரர் வந்து நிக்கறார், வெளிச்சம் போயிடும், உடனே எடுத்துட்டு வாங்க'ன்னார். நான் என்ன செய்ய? சீட்டுல எழுதி மாப்பிள்ளைகிட்ட கையெழுத்து வாங்கிட்டேன்."

அவர் ஆணியில் குத்தியிருந்த சீட்டுகளைப் புரட்டி ஒன்றை உருவினார். பெரிய எழுத்தில் இருந்தது: *வாட்டாமல் தரப்பட்டது. பார்வைக்கு மட்டும். பாரம் தாங்காது.* கீழே சின்னதாக, மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு கையெழுத்து.

திரும்பி வரும்போது கொழுந்தன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது பிரயோஜனப்படாது அண்ணி. கையெழுத்து மாப்பிள்ளையோடது. 'எனக்கென்ன தெரியும், அவரே முலாம் போட்டார், அவரே மாட்டினார், அவரே உடைச்சுக்கிட்டார்'னு தலைவர் கையை விரிச்சிடுவார். மாப்பிள்ளையால வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லவும் முடியாது."

"உடைஞ்ச தண்டை எங்கயோ போட்டுட்டு, கடையில கொக்கி வாங்கி வச்சதும் அவர்தான்," என்றாள் மெக்கானிக். "ரெண்டு வருஷம் அந்தக் காருக்குக் கீழயே கிடந்தேன் அண்ணி. என் பேரைக் கெடுக்க ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையே அவர்."

"யோசிச்சிருக்க மாட்டார்," என்றாள் அண்ணி. "அவர் யோசிச்சதெல்லாம் போட்டோவைப் பத்தித்தான். அதனால நாமும் போட்டோவைப் பத்தியே யோசிப்போம்."

விழா மண்டபத்தின் வாசலில் முப்பது பழைய கார்கள் வரிசையாக நின்றன. உள்ளே முப்பது சொந்தக்காரர்கள் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருமே தங்கள் காரைச் சொந்தக் கையால் புதுப்பித்தவர்கள். ஒருவர் நகத்தில்கூட அழுக்கில்லை. நகத்தில் அழுக்கிருந்த முப்பது பேர் வெளியே வண்டிகளுக்கு நடுவில் நின்று காகிதக் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்கைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு நின்றது. ஒருவர் மட்டும் தன் கோப்பையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை, தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

முன்வரிசையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். தாடையைச் சுற்றிக் கட்டு, மடியில் எழுதிக் காட்ட ஒரு நோட்டு. பாதிக்கப்பட்டவர் என்று எல்லோரும் பார்க்கும்படியாக அவரை நடுநாயகமாக உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி, தலைவரின் ஒரே மகள், உறிஞ்சு குழலோடு ஒரு ஜூஸ் பாட்டிலைப் பிடித்திருந்தாள். சற்றுத் தள்ளி, சிறப்பு விருந்தினர் நாற்காலியில் இன்ஸ்பெக்டர்.

"தாடை உடைஞ்சதுல ஒரு வசதி," என்று முணுமுணுத்தான் கொழுந்தன். "கல்யாணமானதுல இருந்து பேசாம இருந்ததுக்கு இப்பத்தான் டாக்டர் சர்டிபிகேட் கிடைச்சிருக்கு."

மேடையில் ஆளுயரத்துக்கு ஒரு படம் நின்றது. தலைவர் வெள்ளைச் சட்டையில் முன்சக்கரத்தின் அருகே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்பேனரைச் செங்கோல் மாதிரி பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் அடியில் வட்டமாக, நிலா மாதிரி பளபளவென்று ஒரு தகடு.

சங்கச் செயலாளர் கோப்பையைக் கையில் எடுத்தார். அண்ணி மேடையேறி மைக்கைப் பிடித்தாள். தடுக்கலாமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டே நிமிஷம். தலைவரைப் பாராட்டத்தான் வந்திருக்கேன். இந்தப் படம் எப்ப எடுத்தது?"

தலைவர் வாயைத் திறக்குமுன் ஓரத்தில் நின்ற போட்டோக்காரர் பெருமையாகக் கையைத் தூக்கினார். "போன சனிக்கிழமை மேடம், மூணரை மணிக்கு. சங்கிலி ஒண்ணு குறுக்க மறைச்சுது, அவிழ்த்துச் சுவர்ல மாட்டச் சொன்னேன். அஞ்சு படம் எடுத்துட்டுக் கிளம்பினேன். கேட்டைத் தாண்டறப்ப உள்ள டமால்னு ஒரு சத்தம். டயர் வெடிச்சுதாக்கும்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சனிக்கிழமை நீங்க தூங்கிட்டிருந்ததாத்தானே எழுதிக் கொடுத்தீங்க?"

"போட்டோ முடிஞ்சு... உடனே தூங்கிட்டேன்," என்றார் தலைவர்.

"கேட்டைத் தாண்டற நேரத்துக்குள்ளயா?" என்றான் கொழுந்தன் கீழேயிருந்து. "எனக்கும் அப்படி ஒரு தூக்கம் வந்தா நல்லா இருக்கும்."

அண்ணி படத்தின் பக்கம் திரும்பினாள். "இதுல இருக்கறது மெக்கானிக்கோட அமுக்கி. அவ வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறப்ப இது கறுப்பா இருந்தது. சனிக்கிழமை காலையிலதான் முலாம் பட்டறைக்குப் போச்சு, சீட்டு என்கிட்ட இருக்கு. அப்ப, அவ போனதுக்கு அப்புறம்தான் இதை மாட்டி ஸ்பிரிங்கை அமுக்கியிருக்காங்க. கொக்கிக் கருவி படத்துல எங்கயும் இல்ல. அது அப்ப கடையிலயே இருந்திருக்கும்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. தலைவர் சட்டென்று எழுந்தார். "எல்லாம் மாப்பிள்ளை வேலை! அவர்தான் பட்டறைக்குப் போனார், அவர்தான் மாட்டினார். எனக்கு ஒண்ணும் தெரியாது!"

கொழுந்தன் அண்ணியை ஒரு பார்வை பார்த்தான். அண்ணி பதறவில்லை.

"தகட்டைக் கொஞ்சம் கிட்டப் பாருங்க," என்றாள். "நல்லா முலாம் போட்டிருக்காங்க. கண்ணாடி மாதிரி. உள்ள ஒருத்தர் தெரியறார்."

முன்வரிசைக்காரர்கள் எழுந்து மேடையருகே வந்தார்கள். வட்டத் தகட்டுக்குள், கொஞ்சம் வளைந்து, ஒரு ஆள் தெரிந்தார். கட்டம் போட்ட சட்டை. காருக்கடியில் மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் ஒரு நீள ஸ்பேனரை நட்டில் மாட்டிப் பிடித்திருந்தார். தலைவரின் ஷூவுக்கும் அவர் மூஞ்சிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

ஜூஸ் பாட்டில் தரையில் உருண்டது. மகள் படத்தின் முன் வந்து நின்றாள்.

"இது நான் எடுத்துக் கொடுத்த சட்டை." அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "துடைக்கப் போனீங்கன்னு சொன்னாங்களே. நீங்க அடியிலயா படுத்திருந்தீங்க?"

மாப்பிள்ளை தலையை ஆட்டினார்.

"போலீஸ் கேட்டப்ப ஏன் சொல்லல?"

அவர் நோட்டில் எழுதிக் காட்டினார். அவள் அதை உரக்கப் படித்தாள். "'மாமா தலையாட்டச் சொன்னார். ஆட்டினேன். ஏழு வருஷப் பழக்கம்.'"

யாரும் சிரிக்கவில்லை. கொழுந்தன்கூட.

அண்ணி மைக்கைச் செயலாளர் பக்கம் நீட்டினாள். "ஐயா, ஒரு சந்தேகம். வேற யார் கையாவது பட்டிருந்தா இந்தக் கோப்பை கிடையாது, இல்லையா?"

"வி... விதி அப்படித்தான்," என்றார் செயலாளர். முப்பது கோட்டுக்காரர்கள் முப்பது பக்கமும் பார்த்தார்கள். இந்தக் கேள்வி பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை எல்லோர் முகத்திலும் இருந்தது.

"அப்ப தலைவரே சொல்லட்டும்," என்றாள் அண்ணி. "சனிக்கிழமை அந்த ஸ்பிரிங்கை அமுக்கினது யாரு? மாப்பிள்ளைன்னா அது அவர் கைவேலை. கோப்பை உங்களுக்கு இல்ல. நீங்கன்னா கோப்பை உங்களுக்கு. ஆனா பாரம் தாங்காதுன்னு சொல்லியும் கேட்காம மாட்டி, சங்கிலியை அவிழ்த்து, ஒருத்தரை அடியில படுக்கவச்சு, பழியை இன்னொருத்தி மேல போட்டது நீங்க. ரெண்டுல எது?"

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

தலைவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு செயலாளர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அது நல்ல உயரம். இரண்டு பக்கமும் காது வைத்து, விளிம்பு வரை முலாம் போட்டது. அதிலேயே அவர் பார்வை நின்றது.

"மறுத்துடுவார் அண்ணி," என்று கிசுகிசுத்தான் கொழுந்தன். "மாப்பிள்ளை தலையிலயே கட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவார். நாம தோத்தோம்."

தலைவர் கோட்டை இழுத்துவிட்டு மார்பை நிமிர்த்தினார்.

"நான்தான்," என்றார். "ஸ்பிரிங்கை அமுக்கினது நான்தான். என் சொந்தக் கையால. முலாம் போடச் சொன்னதும் நான், வாட்ட வேணாம்னு சொன்னதும் நான், கொக்கி வாங்கி வச்சதும் நான். மாப்பிள்ளை சும்மா ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டிருந்தார். என் கார்ல என் கையைத் தவிர ஒரு கையும் பட்டதில்ல!"

பின்வரிசையில் யாரோ நிம்மதியாகக் கைதட்டினார். விதி பிழைத்தது, தங்கள் கோப்பைகளும் பிழைத்தன என்ற சந்தோஷத்தில் முப்பது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

செயலாளர் வேறு வழியின்றிக் கோப்பையைக் கொடுத்தார். தலைவர் அதை இரண்டு கையாலும் வாங்கி உயர்த்தினார். "கொஞ்சம் சிரிங்க சார்," என்றார் போட்டோக்காரர். இன்ஸ்பெக்டர் படம் எடுத்து முடியும்வரை கண்ணியமாகக் காத்திருந்து, அப்புறம் அவர் தோளில் கை வைத்தார்.

"எட்டு வருஷமா உங்ககூட இருக்கேன்," என்றான் கொழுந்தன், வாசலுக்கு வந்தபின்னும் நம்ப முடியாமல். "மாட்டிக்கக் கூடாதுன்னு பொய் சொன்னவங்களைப் பார்த்திருக்கேன். மாட்டிக்கிட்டதுக்கே கைதட்டல் வாங்கினவரை இப்பத்தான் பார்க்கறேன். மறுக்க மாட்டார்னு எப்படி நம்பினீங்க?"

"நான் எங்க நம்பினேன்? அவர் கண்ணு கோப்பையை விட்டு நகரலை, அதை மட்டும்தான் பார்த்தேன்," என்றாள் அண்ணி.

ஜீப்புக்கு அருகே இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து அவளுடைய ஒர்க்ஷாப் சாவியை எடுத்துக் கொடுத்தார். "சீலை எடுக்க ஆள் அனுப்பறேம்மா. அன்னிக்கு நீ சொன்னதை நான் கேட்டிருக்கணும்." அவள் சாவியை வாங்கி உள்ளங்கையில் இறுக மூடிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். காபிக் கோப்பைகளோடு நின்ற முப்பது பேரும் அவளைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள், அழுவதை உள்ளே இருப்பவர்கள் பார்க்காதபடி.

கடைசியாக மாப்பிள்ளையின் வாக்குமூலம் பாக்கி இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, "நாலு வரி போதும் சார், சனிக்கிழமை நடந்ததை எழுதுங்க," என்றார். மாப்பிள்ளை மண்டபப் படியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். தாள் நிறைந்தது. மறுபக்கம் நிறைந்தது. கான்ஸ்டபிள் இன்னொரு தாள் கொடுத்தார். பிறகு இன்னும் இரண்டு. அப்புறம் கையிலிருந்த தாள்கட்டை அப்படியே கொடுத்துவிட்டார்.

மணி ஐந்தரை ஆனது. இன்ஸ்பெக்டர் எழுதி முடித்த தாள்களை வரிசையாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு தடவை முன்னாலிருந்து பின்னால், இன்னொரு தடவை பின்னாலிருந்து முன்னால்.

"என்னம்மா இது, எட்டுப் பக்கம் ஆச்சு," என்றார் மகளிடம். "இதுல ஸ்பிரிங் எங்க வருது?"

கணவனின் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்த அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வரும் சார். கல்யாணத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கார். இப்பத்தான் முதல் வருஷம் முடியுது. இன்னும் கொஞ்சம் தாள் குடுங்க."